காளவாய் ஓரம் நின்றவர்

போன மாதம் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை பார்த்த, பழைய காகிதங்களைச் சீர்செய்யும் பட்டறையில் இப்போது அவள்தான் மூத்தவள். "பத்மாக்கா, நம்ம பெரிய தொட்டிய எடுத்தாச்சு. இனிமே எல்லாம் ஜெல்தான். பேப்பர தண்ணிக்குள்ள போடவே வேணாம். புதுசா ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க. அவங்களுக்கு நீங்க ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன். மறக்க முடியாத கேஸ் ஒண்ணு இருக்கும்ல" என்றாள்.

எழுதுகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். தொட்டி போய்விட்டது என்று கேட்டதும் எனக்கு வருத்தம் வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. மறக்க முடியாத கேஸ் ஒன்று உண்டு. அதைப் பாதிதான் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த இருவரும் முழுவதையும் படித்துக்கொள்ளட்டும்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. மின்தூக்கியில் தனியாக ஏறமாட்டேன். எதிரே நாய் வந்தால் அது கடந்து போகும்வரை தூணோடு தூணாக நிற்பேன். இப்படிப்பட்ட ஒருத்தி இருபத்தாறு வருடம் ஊரார் வீட்டுப் பழைய காகிதங்களைத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சம்பளம் வாங்கினாள் என்பதை என் வீட்டுக்காரர் இன்றுவரை நம்பவில்லை. எங்கள் பட்டறை சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே மல்லிகை கட்டுவார்கள். மேலே நாங்கள் காற்றின் ஈரத்தை அளந்துகொண்டிருப்போம். கோயில் பத்திரம், தேவாலயப் பதிவேடு, சீனக் குடும்பங்களின் திருமணச் சான்றிதழ், யாரோ ஒருவருடைய பாட்டன் வரைந்த நிலப்படம் என்று கறை பிடித்தது, செல்லரித்தது, கிழிந்தது எல்லாம் எங்களிடம் வரும்.

அதற்கு முன்பு ஓர் அச்சகத்தில் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் முதல் வருடம் மை ஒற்றும் தாளை அளவாக நறுக்கினேன். இரண்டாம் வருடம் கோதுமைப் பசை காய்ச்சினேன். மூன்றாம் வருடம்தான் உண்மையான காகிதத்தைத் தொடவிட்டார்கள். பயிற்சி என்று சொல்ல வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

பட்டறை அருளானந்தம் சாருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. வெளிநாட்டில் படித்தவர், ஆங்கிலம் அப்படிப் பேசுவார், ஆனால் என்னோடு பேசும்போது அவர் வீட்டுத் தமிழ் வந்துவிடும். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் முழங்கைவரை கை கழுவுவார். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் வெறுமனே பார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. கோபம் வந்தால் எல்லோரும் கத்துவார்கள், சார் குரலை இறக்குவார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் உதடு அசைவது மட்டும் தெரியும். அதற்கு நான் பயந்த மாதிரி என் அப்பாவின் பெல்ட்டுக்குக்கூடப் பயந்ததில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு முறை, "சார், எனக்குத் தொடவே பயமா இருக்கு" என்றேன். "இந்த வேலைக்குப் பயந்த ஆக்கள்தான் சரி. பயமில்லாதவைதான் கிழிக்கிறவை" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பயத்தில் பல வகை உண்டு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சாரின் விதிகள் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்காது, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். உள்ளே பேனா கூடாது, பென்சில்தான். மோதிரம், வளையல் கூடாது. தண்ணீரில் போடுவதற்கு முன்பு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய தூரிகையின் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர், முப்பது எண்ணுவது, மை ஒற்றும் தாளின் சிறு துண்டால் ஒற்றி எடுப்பது, அந்தத் துண்டை உருப்பெருக்கியில் பார்ப்பது. துண்டில் நிறம் ஏறியிருந்தால் அந்த மை கரையும், தண்ணீர் கூடாது. ஒரே மாதிரி தெரியும் கோடாக இருந்தாலும் முக்கியமான இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. கடைசி விதி, தொட்டித் தண்ணீரைச் சார் பார்க்காமல் கொட்டக்கூடாது. காகிதத்திலிருந்து என்ன வெளியே வந்தது என்பதைத் தண்ணீர்தான் சொல்லும் என்பார்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு, ஆடி மாதம், சுப்பையா என்பவர் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், சிராங்கூனில் வீவக அடுக்குமாடி வீடு. வேட்டித் துணியில் சுற்றிய ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டுக் கைகூப்பினார். எனக்குத்தான் வணக்கம் சொல்கிறார் என்று நானும் கைகூப்பினேன். அவர் படத்தைத்தான் கும்பிட்டார்.

அது செப்புத் தகட்டு அச்சோவியம். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் மெழுகைக் கீறிப் படம் வரைந்து, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தேய்த்துக் காகிதத்தில் அழுத்தினால் படம் கிடைக்கும். ஒரே தகட்டில் ஐம்பது, நூறு படங்கள்கூட எடுக்கலாம். இந்தப் படத்தில் ஓர் ஆற்றங்கரை. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட நான்கைந்து குடிசைகள், சாய்ந்த தென்னைகள், விறகு அடுக்கு, கிளிஞ்சல் குவியல், அவிழ்த்துவிட்ட ஒரு மாட்டுவண்டி. நடுவில் பெரிய பானையைக் கவிழ்த்த மாதிரி ஒரு சுண்ணாம்புக் காளவாய், அதன் வாயிலிருந்து புகை. காளவாய்ச் சுவர் ஓரம் தலையில் கூடையோடு ஒரு மனிதர் நின்றார். என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மனிதர்.

"இது எங்க அப்பாம்மா" என்று அந்த மனிதரைக் காட்டினார் சுப்பையா. "வேற படம் கிடையாது. இந்தக் காளவாய்லதான் கூலி வேலை. கிளிஞ்சல் சுமப்பாரு. வெள்ளக்காரரு ஒருத்தரு ஆத்தோரமா ஒக்காந்து படம் போட்டுக்கிட்டு இருந்தாராம். வெயிலா இருக்கேன்னு அப்பா எளநி வெட்டிக் குடுத்தாராம். ரெண்டு மாசம் கழிச்சு அந்த ஆளு இத கொண்டாந்து குடுத்துட்டுப் போனாராம். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் கைக்குழந்தையா இருக்கப்ப ஜப்பான்காரன் அப்பாவ சயாம் ரயில் போட இழுத்துட்டுப் போயிட்டான். திரும்பல."

ஆடி அமாவாசைதோறும் அவர் வீட்டில் இந்தப் படத்தை வைத்துத்தான் படையல். அப்பாவின் காலடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். கம்பம் என்று சொல்லும் கிராமத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியபோது கண்ணாடி உடைந்துவிட்டது. அதன் பிறகு பல வருடம் பொட்டு காகிதத்தின் மேலேயே விழுந்தது. அந்தச் சந்தனப் பொருக்கை அவரே வீட்டில் சுரண்டி எடுத்திருந்தார். ஆனால் அந்த மனிதரின் இடுப்புக்குக் கீழே காகிதம் முழுவதும் சந்தனம் ஊறிப் பழுப்பேறிக் கிடந்தது.

"காலே தெரியல பாருங்க. கால் தெரிஞ்சா போதும். இந்த அமாவாசைக்குள்ள குடுத்துடுவீங்களா லா?"

அமாவாசைக்கு எட்டு நாள் இருந்தது. கழுவிய காகிதம் அழுத்தத்தில் கிடந்து காயவே ஐந்து நாள் வேண்டும். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். அச்சு மை எண்ணெய் மை, அது தண்ணீரில் கரையாது. "சொட்டு வச்சுப் பாருங்கோ. சரியெண்டால் கழுவலாம்" என்றார்.

மறுநாள் காலை சொட்டு வைக்க உட்கார்ந்தேன். இனி எழுதப்போவது சாருக்கும் நான் சொல்லாத பாதி. அன்று எனக்கு மாதவிலக்கு.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த மூன்று நாளும் வேலைக்கு வந்திருக்கிறேன், தேவாலயப் பதிவேடுகளைத் தொட்டிருக்கிறேன், ஒருமுறை கோயில் பத்திரத்தையே ஒட்டியிருக்கிறேன். ஆனால் அவர் கைகூப்பியதை நான் பார்த்துவிட்டேன். அறுபது வருடம் பொட்டு வைத்துக் கும்பிட்ட கால் அது. குடிசையில் ஒரு சொட்டு வைத்தேன், காளவாயில் ஒன்று, தென்னையில் ஒன்று. மூன்று துண்டுகளும் வெள்ளையாக வந்தன. தூரிகையை அந்த மனிதரின் காலுக்குக் கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது. என் வீட்டில் ஏதாவது ஆகிவிடும், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். தூரிகையை எடுத்துவிட்டேன்.

சாரைக் கூப்பிட்டு அந்தச் சொட்டை மட்டும் வைக்கச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். ஓர் ஆண்பிள்ளையிடம், அதுவும் சாரிடம், அதை எப்படிச் சொல்வது? எம்சி என்கிற மருத்துவ விடுப்பு போட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வந்திருக்கலாம். அமாவாசை நெருங்கியது. எல்லாம் ஒரே தகடு, ஒரே மை, மூன்று இடத்தில் கரையாதது நாலாவது இடத்தில் மட்டும் கரையுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொட்டியில் போட்டால் தண்ணீர்தானே அவரைத் தொடும், நான் தொடமாட்டேனே என்றும் ஒரு சமாதானம். சொட்டின் முடிவை எழுதும் சோதனைத் தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். சார் வாங்கிப் பார்த்தார். "மூண்டும் சரி. செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு, சைனாடவுன் பக்கம் ஒரு சங்கக் கட்டடத்தில் பழைய பதிவேடுகளைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்.

பத்தரை மணிக்குத் தொட்டியை நிரப்பினேன். தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். காகிதத்தை மெல்லிய வலைத்துணிமேல் கிடத்தி, துணியின் நான்கு மூலையையும் பிடித்து, ஒரு பக்கமாகச் சரித்து இறக்கினேன். நனைந்த காகிதம் முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு கண்ணாடி மாதிரி ஆகும். அந்த நேரத்தில் படம் மட்டும் தண்ணீரில் மிதப்பதாகத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் பழுப்பு கிளம்பியது. டீத்தண்ணீர் மாதிரி மெல்லக் கிளம்பிப் பரவும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஆசை உண்டு. கறை இளகிக் கால் தெரிய ஆரம்பித்தது. இரண்டு கால்கள், முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய வேட்டி, வெறும் பாதம். அவர் கேட்டது இதைத்தானே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு அந்தப் பாதங்களுக்குக் கீழே நீலங்கலந்த கறுப்பாக ஒரு நூல் இழை ஓடியது. தூசி என்று நினைத்தேன். குனிந்தேன். இழை இரண்டாயிற்று, நாலாயிற்று. கால்களிலிருந்து புகை மாதிரி போய்க்கொண்டிருந்தது.

கை கால் ஓடவில்லை என்று சொல்வார்களே, அது பொய். என் கைகள் ஓடின. மூலைகளைப் பிடித்தேன், தூக்கினேன். அவசரத்தில் தூக்கினால் ஈரக் காகிதம் தன் பாரத்திலேயே கிழியும், அதனால் மெதுவாகத்தான் தூக்க வேண்டும். தண்ணீர் வடிய வடியக் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அவர் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தார், நான் மெதுவாகத் தூக்கிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் அனுபவித்ததில்லை. மை ஒற்றும் தாளில் கிடத்தினேன், மேலே இன்னொரு தாள், அதன்மேல் இன்னொன்று. உள்ளங்கையால் அழுத்தினேன். எடுத்துப் பார்த்தேன். கூடை இருந்தது, தலை இருந்தது, கூடையைப் பிடித்த கைகள் இருந்தன. மார்பு வெளிறியிருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. கால் இருந்த இடத்தில் காளவாய்ச் சுவரின் கற்கள், ஒன்றுவிடாமல் தெளிவாகத் தெரிந்தன.

திரும்பினேன். தொட்டியில் தண்ணீர் பழுப்பாக நின்றது. அதில் ஓரிடத்தில் மட்டும் நீலக் கறுப்பு மங்கலாகச் சுழன்றுகொண்டிருந்தது. சார் வந்து இதைப் பார்ப்பார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்ப்பார் என்று நினைத்தேன். தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். எதற்குப் பிடுங்கினேன்? தண்ணீர் போனாலும் காகிதம் அங்கேதான் கிடக்கிறது, அதை மறைக்க முடியாது. அந்த யோசனையெல்லாம் அப்போது இல்லை. தண்ணீர் சுழன்று இறங்கிக் கடைசியில் ஒரு சத்தம் போட்டுப் போனது. கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் சாரைக் கைப்பேசியில் அழைத்தேன். அழைத்த நேரம் பதினொன்று நாற்பது. கைப்பேசியில் பதிவாகியிருந்தது.

சார் வந்தார். கை கழுவினார். பார்த்தார். உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சுவரின்ர கோடு இவரின்ர நெஞ்சுக்குள்ளாலும் ஓடுது, பாருங்கோ" என்றார். "தகட்டில இவர் இல்லை. படம் அடிச்ச பிறகு பேனையால கீறியிருக்கு. மற்றப் பிரதியள் ஒண்டிலயும் இவர் இருக்கமாட்டார். இளநி குடுத்த மனுசனுக்கு எண்டு, இந்த ஒண்டில மட்டும் போட்டுக் குடுத்திருக்கு."

நான் காலையிலேயே உருப்பெருக்கியை அந்த மனிதர்மேல் வைத்திருந்தால் எனக்கும் அந்தக் கோடு தெரிந்திருக்கும்.

"இதில ஏன் சொட்டு வைக்கேல்ல?"

"சாமி மாதிரி வச்சுக் கும்பிடறாங்க சார். தொட மனசு வரல."

"தண்ணி எங்கை?"

"கொட்டிட்டேன்."

சாரின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கத் தைரியமும் இல்லை.

அன்று மாலைவரை அவர் என்னோடு பேசவில்லை. வேலை போய்விடும் என்று நிச்சயமாக நினைத்தேன். மூத்தவன் பாலிடெக்னிக்கில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். ஆனால் வேலை போவதைவிட, சுப்பையா வந்து வேட்டித் துணியைப் பிரிக்கப்போகும் நிமிடம்தான் பெரிதாக இருந்தது. காணாமல் போன ஒருவரை அந்தக் குடும்பம் காகிதத்தில் பத்திரமாக வைத்திருந்தது. நான் அவரை இரண்டாம் முறை அனுப்பிவிட்டேன். வீடு இருக்கும் சுவா சூ காங் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

மறுநாள் சாரிடம், கால்களை நானே திரும்ப வரைந்துவிடட்டுமா என்று கேட்டேன். கழுவுவதற்கு முன்பு எடுத்த புகைப்படம் இருக்கிறது. அதில் கறைக்கு அடியில் கால் ஓரளவு தெரிகிறது. கறை இளகியபோது நானே முழுக் காலையும் பார்த்துவிட்டேன். எனக்குக் கை சுத்தம். அரைமணி நேரத்தில் போட்டுவிடலாம்.

"போடலாம் பத்மா. ஆனா அது அவரின்ர கால் இல்லை" என்றார் சார். "ஃபோன் எடுத்து அவரை வரச் சொல்லி, நேரில நீங்களே சொல்லுங்கோ. நானும் பக்கத்தில இருக்கிறன்."

சார் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இதையும் யாரிடமும் சொன்னதில்லை. மெல்லிய தூரிகை, கரையாத நிறம். இரண்டு கோடு, மூன்று கோடு, அவ்வளவுதான். கால் வந்துவிட்டது. தூக்கிக் கட்டிய வேட்டி, வெறும் பாதம், அச்சாக அதே கால். இவ்வளவு சுலபமா என்று பயந்துபோய்க் கிழித்துக் குப்பையில் போட்டேன். அதன் பிறகுதான் சுப்பையாவை அழைத்து வரச் சொன்னேன்.

அவர் அடுத்த நாள் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு இட்டு வந்திருந்தார். படம் இன்னும் முழுதாகக் காயவில்லை. தாள்களுக்கு நடுவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் அவராகப் பார்க்கட்டும் என்று ஒரு நிமிடம் கோழைத்தனம் பண்ணினேன். சார் என் பக்கம் பார்த்தார்.

"அங்கிள், தப்பு என் மேலதான்" என்றேன். "உங்க அப்பாவ மட்டும் பேனாவால வரைஞ்சிருக்காங்க. அது தண்ணியில கரையும். நான் சோதிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. தண்ணியில கால் போயிருச்சு."

அவர் படத்தைக் கிட்டத்தில் எடுத்துப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். கத்துவார், காவல்துறைக்குப் போகிறேன் என்பார், அழுவார், எதற்கும் தயாராக மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கரைஞ்சுட்டாரா?" என்றார்.

"ஆமா அங்கிள்."

"அந்தத் தண்ணி எங்கம்மா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. சாருக்கும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன். சுப்பையா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நிதானமாகச் சொன்னார்.

"அப்பாவுக்கு நாங்க காரியம் எதுவும் பண்ணலம்மா. ஒடம்பு கெடைக்கல, சாம்பல் கெடைக்கல, கரைக்கிறதுக்கு ஒண்ணும் கெடைக்கல. அம்மா சாகிற வரைக்கும் அத சொல்லிச் சொல்லி அழுவாங்க. இப்ப அந்தத் தண்ணிய குடுத்தீங்கன்னா ஒரு சொம்புல எடுத்துட்டுப் போய்க் கடல்ல விட்டுருவேன். அதான் கேக்கிறேன்."

சாரின் விதிப்படி அந்தத் தண்ணீர் தொட்டியில் இருந்திருக்க வேண்டும். சார் பார்த்த பிறகும் ஒரு வாளியில் எடுத்து வைத்திருக்கலாம். இந்த உலகத்தில் சுப்பையா கேட்ட ஒன்றே ஒன்று, இரண்டு நாளைக்கு முன்பு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"கொட்டிட்டேன் அங்கிள்" என்றேன். "பயத்துல கொட்டிட்டேன்."

அவர் தொட்டி இருக்கும் பக்கம் பார்த்தார். "இங்க கொட்டினா எங்க போவும்?"

அதற்குச் சார்தான் பதில் சொன்னார். ஆறுதலுக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லத் தெரியாத மனிதர். "நிலத்துக்குக் கீழால பெரிய குழாயில சாங்கிப் பக்கம் போகும். அங்கை சுத்தம் செய்வினம். கொஞ்சம் திரும்பவும் பாவிக்கிற தண்ணியா வரும். மிச்சம் கடலுக்குப் போகும்."

"சாங்கிக் கடலுக்கா?"

"ஓம்."

சுப்பையா சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளும் பேனாவும் எடுத்தார். எங்கள் அறைக்குள் பேனா கூடாது. சார் தடுக்கவில்லை.

"அப்ப கடலுக்குத்தான் போயிருக்காரு" என்றார் சுப்பையா. "அப்பா எந்த நாள்ல எறந்தாருன்னு தெரியாதும்மா. திதி தெரியாது. அதனாலதான் பொதுவா அமாவாசைக்குக் கும்பிட்டுக்கிட்டு இருந்தோம். இப்ப ஒரு நாள் கெடைச்சிருக்கு. என்னைக்குக் கொட்டினீங்க?"

கிழமையைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"எத்தன மணிக்கு? ஐயர் மணி கேப்பாரு. அத வச்சுத்தான் திதி பாப்பாங்க."

எனக்குத் தெரியாது. பத்தரைக்குக் காகிதத்தை இறக்கினேன், பதினொன்று நாற்பதுக்குச் சாரை அழைத்தேன், நடுவில் எப்போது அடைப்பானைப் பிடுங்கினேன், எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடிகாரத்தை நான் பார்க்கவேயில்லை. ஆனால் அவர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலைக் கரைத்தேன், தண்ணீரைக் கொட்டினேன், இதையும் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பதினொரு மணி அங்கிள்" என்றேன்.

எழுதிக்கொண்டார். படத்தைச் சார் தன் கையாலேயே புதுச் சட்டம் போட்டு, அமாவாசைக்கு முதல் நாள் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. சோதனைத் தாளில் மூன்று கட்டம் இருந்ததை ஆறு ஆக்கினார். அதைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

அமாவாசை கழிந்து இரண்டு நாளில் சுப்பையா தொலைபேசியில் அழைத்தார். குரலில் அப்படி ஒரு தெளிவு. "ஐயரைப் போய்ப் பாத்தேம்மா. அன்னைக்குப் பதினொண்ணேகால் வரைக்கும் அஷ்டமியாம், அதுக்கு மேல நவமியாம். பதினொரு மணின்னா அஷ்டமிதான், சந்தேகமே இல்லன்னுட்டாரு. நல்ல வேள, நீங்க டைம் பாத்து வச்சீங்க லா. இனிமே வருசா வருசம் ஆடித் தேய்பிறை அஷ்டமி. எம்பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

நல்லது அங்கிள் என்று சொல்லி வைத்தேன். பிறகு அந்தக் காலையை மனதுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கறை இளக எவ்வளவு நேரம், தூக்க எவ்வளவு நேரம், ஒற்ற எவ்வளவு நேரம். ஒரு முறை பதினொன்று பத்து வரும், ஒரு முறை பதினொன்றரை வரும். அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் எண் என்னிடம் இருக்கிறது. அழைத்துச் சொல்ல எத்தனையோ முறை கைப்பேசியை எடுத்து, அழைக்காமலே வைத்திருக்கிறேன்.

ஆடி வந்தால் அவர் அஷ்டமியன்று விரதம் இருக்கிறார். நான் அஷ்டமியும் இருக்கிறேன், நவமியும் இருக்கிறேன்.